130 ஆண்டுகளுக்கு முன்பே மேப் போட்டு எச்சரித்தவர்: யார் இந்த ஜான் வெஸ்லி பவல்?

2023-ம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் பவல் ஏரி அடிக்கடி செய்தியில் வந்தது. படங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். செக்கச் சிவந்த பாறைச் சுவர், அதன் கீழ்ப்பகுதியில் வெள்ளை வெளேரென்று பல ஆள் உயரத்துக்கு ஒரு பட்டை. முன்பு தண்ணீர் எதுவரை நின்றது என்று காட்டும் தடம் அது. அணை கட்டி நிரப்பிய பிறகு அந்த நீர்த்தேக்கம் அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை. கொலராடோ ஆற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும் 7 மாநிலங்களும், யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஏரிக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்களோ, அவர்தான் இந்த வறண்ட பூமியில் எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது என்று 1893-லேயே மேடை ஏறிச் சொன்னவர். சொன்னதற்குக் கிடைத்தது கூட்டத்தின் கூச்சல்தான்.

அவர் ஜான் வெஸ்லி பவல். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் படகில் கடந்த ஒற்றைக் கை மேஜராகத்தான் பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் செய்த பெரிய வேலை வேறு.

இன்று ஒரு அரசு, தன் கையில் இருக்கும் நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் ஜிஐஎஸ் என்கிற கம்ப்யூட்டர் வரைபடத்தைத் திறக்கிறது. மழை ஒரு அடுக்கு, மேடு பள்ளம் ஒரு அடுக்கு, ஓடைகள் ஒரு அடுக்கு, மண், காடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். எது விளைநிலம், எது மேய்ச்சல் நிலம், எதைத் தொடவே கூடாது என்று பிரிக்கிறார்கள். சாட்டிலைட்டும் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில், அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுவதற்கும் அதே வேலையைக் கையாலேயே செய்யப் பார்த்தவர் பவல். அவர் மேப் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஏன் தோற்றார்?

கல்லடி பட்ட பையன்

1834 மார்ச் 24-ல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் மோரிஸ் என்ற ஊரில் பிறந்தார் பவல். அப்பா இங்கிலாந்திலிருந்து குடியேறிய மெதடிஸ்ட் போதகர். குடும்பம் ஓஹயோ மாநிலத்தின் ஜாக்சன் ஊருக்கு மாறியது. அப்பா அடிமை முறைக்கு எதிராகப் பேசுவதில் சளைக்காதவர். அந்த ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அப்பா மீதிருந்த கோபத்தைப் பள்ளியில் மகன் மீது காட்டினார்கள். கல்லடி தாங்காமல் பள்ளிக்கூடம் நின்றுபோனது.

அதுவே நல்லதாகப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஜார்ஜ் குரூக்கம் என்ற வயதான விவசாயி அவரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டார். வீட்டிலேயே சின்ன மியூசியம் வைத்திருந்த அந்த மனிதர், பையனைக் காடு மேடெல்லாம் கூட்டிப்போய்ப் பாறை, செடி, பூச்சி என்று காட்டிக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் பவல் சில கல்லூரிகளில் படித்தார், பட்டம் எதையும் முடிக்கவில்லை. 20 வயதுகளில் தனியாகப் படகு எடுத்துக்கொண்டு மிசிசிப்பி, ஓஹயோ ஆறுகளில் கிளம்பிப்போய் கிளிஞ்சல் சேகரித்தார். ஆற்றோடு அவருக்கு இருந்த உறவு அங்கேதான் தொடங்கியது.

1861-ல் உள்நாட்டுப் போர் வந்தபோது, வடக்குப் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். 1862 ஏப்ரல் 6, ஷைலோ போர்க்களம். பீரங்கியை வெடிக்கச் சைகை காட்டக் கையை உயர்த்தியபோது குண்டு பாய்ந்தது. வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை, மறுபடி படைக்கே போனார். மேஜராகப் போரை முடித்தார். அந்தக் கையின் வலி மட்டும் கடைசிவரை விடவில்லை.

4 படகு, 10 பேர்

போருக்குப் பிறகு இல்லினாய்ஸில் புவியியல் பாறைகள் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியருக்கு ஒரு ஆசை. அன்றைய அமெரிக்க மேப்பில் கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்குகள் இருந்த இடம் ஏறக்குறைய வெள்ளைத் தாள். அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும்.

1869 மே 24-ல் வயோமிங்கின் கிரீன் ரிவர் ரயில் நிலையத்திலிருந்து 10 பேர் 4 படகுகளில் இறங்கினார்கள். நாட்டை இரு கரைக்கும் இணைத்த ரயில் பாதை முடிந்து 2 வாரம்தான் ஆகியிருந்தது. படகுகளே ரயிலில்தான் வந்து சேர்ந்தன. 10 மாதத்துக்கு உணவு, கூடவே காற்றழுத்தமானிகள், செக்ஸ்டன்ட், கடிகாரங்கள்.

இந்தக் காற்றழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அதை வைத்துத்தான் அன்றைக்கு மலையின் உயரத்தைக் கணக்குப் போட்டார்கள். லோடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தபோது, ஆட்கள் தப்பித்தார்களா என்பதற்கு அடுத்து பவலின் கவலை அந்தக் கருவிகள் மேல்தான். மறுநாள் உடைந்த படகின் ஒரு துண்டிலிருந்து அவற்றை மீட்டார்கள். ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். கருவி கிடைத்ததற்கு என்று மேஜர் நினைத்தார். உண்மையில் அதோடு சேர்ந்து ஒரு விஸ்கி பீப்பாயும் கிடைத்திருந்தது!

இன்னொரு நாள், உயரம் அளக்கச் செங்குத்துப் பாறையில் ஏறியவர் நடுவில் மாட்டிக்கொண்டார். ஒற்றைக் கையால் ஒரு பிடியைப் பற்றித் தொங்குகிறார், விட்டால் அதல பாதாளம். மேலே நின்ற ஜார்ஜ் பிராட்லியிடம் கயிறு இல்லை. சட்டென்று தன் நீள உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட்டார் பிராட்லி. அதைப் பிடித்துத்தான் பவல் மேலே வந்தார். ஒரு மலையின் உயரத்தை மேப்பில் ஏற்ற இப்படியெல்லாம் பாடுபட்டிருக்கிறார்கள்.

நடுவில், குழுவே ஆற்றோடு போய்விட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கடைசி வாரங்களில் பூஞ்சை பிடித்த மாவும் உலர்ந்த ஆப்பிளும் காபியும்தான் மிச்சம். ஆகஸ்ட் 28-ல் இன்னொரு பயங்கரமான நீர்ச்சுழலைப் பார்த்த 3 பேர், இனி முடியாது என்று பள்ளத்தாக்கின் சுவரேறி வெளியேறினார்கள். அவர்கள் உயிரோடு ஊர் சேரவில்லை. யார் கொன்றார்கள் என்ற சர்ச்சை இன்றுவரை தீரவில்லை. ஆற்றோடு போன 6 பேரும் அடுத்த 2 நாளில், ஆகஸ்ட் 30-ல், வர்ஜின் ஆறு கலக்கும் இடத்தில் பத்திரமாக வெளியே வந்தார்கள். நாலாவது ஆள் முன்பே, ஜூலையிலேயே விலகிவிட்டார்.

பவல் தேசிய நாயகன் ஆனார். ஆனால் அளவீடுகள் பல தொலைந்திருந்தன. மேப் வரையப் போதாது. அதனால்தான் 1871-ல் மறுபடி போனார்.

மேப் எப்படி வரைந்தார்கள்?

இரண்டாவது பயணத்துக்கு நாடாளுமன்றம் பணம் கொடுத்தது. சாகசம் குறைவு, அளவை அதிகம். வேலையின் முதுகெலும்பு பவலின் தங்கை கணவர் ஆல்மன் தாம்சன். யூட்டாவின் கானாப் ஊருக்குத் தெற்கே ஏறக்குறைய 9 மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார்கள். அந்த ஒரு கோடு போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்து மலை உச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்தால், அந்த மலை எவ்வளவு தூரம் என்பது கணக்கில் வந்துவிடும். அந்த மலையிலிருந்து அடுத்த மலை. இப்படி முக்கோணம் முக்கோணமாக விரித்துக்கொண்டே போகலாம். 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே கோடு அளந்து வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இதே முறையில்தான்.

அமெரிக்கப் பெருநிலத்தில் கடைசியாக மேப்பில் ஏறிய ஆறு எஸ்கலாண்டே, கடைசியாக ஏறிய மலைத்தொடர் ஹென்றி மலைகள். இரண்டுமே இந்தக் குழுவின் கணக்கு.

இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்து அளந்தபோது பவலுக்கு வேறொன்று புரிய ஆரம்பித்தது. நிலம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது, அது எவ்வளவு நிலத்துக்குப் போதும் என்பதுதான் கேள்வி.

160 ஏக்கர் கணக்கு எங்கே இடித்தது?

அப்போதைய அமெரிக்கச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி, அரசு நிலத்தில் 160 ஏக்கரில் வீடு கட்டி 5 வருடம் குடியிருந்து உழுதால் அது உங்களுக்குப் பட்டா. நிலம் எப்படி அளந்து பிரிக்கப்பட்டது? சதுரம் சதுரமாக. 1785-லிருந்து அதுதான் வழக்கம். ஸ்கேல் வைத்து மேப்பில் கட்டம் போடுவார்கள். ஆறு எங்கே ஓடுகிறது, மலை எங்கே நிற்கிறது என்றெல்லாம் அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

கிழக்கே மழை கொட்டும் ஊர்களில் இது பிரச்சினையில்லை. மேற்கே? ஒருவருடைய சதுரத்துக்குள் முழு ஓடையும் விழுந்துவிடும். சுற்றியுள்ள 20 சதுரங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஓடையைப் பிடித்தவர், காசு கொடுக்காமலே மொத்தப் பள்ளத்தாக்கையும் பிடித்தவர் ஆகிறார்.

மோசடியும் கொடிகட்டிப் பறந்தது. 1877-ல் வந்த பாலைவன நிலச் சட்டம், பாசனம் செய்தால் 640 ஏக்கரை மலிவு விலைக்குத் தருகிறேன் என்றது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாசனம் செய்தேன் என்று சத்தியம் செய்தவர்கள் பற்றி ஏராளமான கதைகள் உண்டு. 12-க்கு 14 வீடு கட்டியதாக எழுதிக்கொடுத்துவிட்டு, அது அடியா அங்குலமா என்று சொல்லாமல் விட்ட கில்லாடிகள் கதையும் உண்டு.

1878-ல் பவல் அரசிடம் ஒரு அறிக்கை கொடுத்தார். வறண்ட பகுதி நிலங்கள் பற்றிய அறிக்கை என்பது அதன் பெயர். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் இடங்களில் மழையை மட்டும் நம்பி விவசாயம் நடக்காது என்று கோடு போட்டார். அந்தக் கோடு ஏறக்குறைய 100-வது தீர்க்கரேகையை ஒட்டி, டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை நாட்டை நடுவில் பிளக்கிறது. அலாஸ்காவை விட்டுவிட்டால், நாட்டின் பத்தில் நாலு பங்குக்கும் மேல் அந்த வறண்ட பக்கம்.

சரி, அங்கே எவ்வளவு நிலத்துக்குப் பாசனம் கொடுக்கலாம்? இங்கேதான் அவருடைய முறை வேலை செய்கிறது. யூட்டாவை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். தாம்சனும், கில்பர்ட், டட்டன் என்ற சகாக்களும் ஒவ்வொரு ஓடையாகப் போய், கோடையில் விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று பார்த்தார்கள். மேட்டூர் அணைச் செய்தியில் வருகிற அதே கன அடிதான். விநாடிக்கு 1 கன அடி தண்ணீர், 80 முதல் 100 ஏக்கருக்குப் போதும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. அந்த எண்ணை மேடு பள்ளம் காட்டும் மேப்போடு பொருத்தினால், வாய்க்கால் எட்டக்கூடிய நிலம் எது என்று தெரிந்துவிடும். பாசன நிலம், காடு, மேய்ச்சல் நிலம் என்று மேப்பில் தனித்தனி நிறம். விடை அதிர்ச்சியாக இருந்தது. யூட்டாவில் 100 ஏக்கருக்கு 3 ஏக்கர்கூடத் தேறவில்லை.

அதிலிருந்து அவர் சொன்ன திட்டம் எளிமையானது. பாசனம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 80 ஏக்கரே போதும், 160 தேவையில்லை. பாசனம் இல்லாத மேய்ச்சல் நிலம் என்றால் 160 ஏக்கரில் ஒன்றும் ஆகாது, 2,560 ஏக்கர் வேண்டும். எல்லைகளைச் சதுரமாக வெட்டாமல் ஓடைகளை ஒட்டிப் போட வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சமாவது தண்ணீர்ப் பக்கம் கிடைக்கிற மாதிரி. தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கக்கூடாது. 9 பேர் சேர்ந்தால் ஒரு பாசன வட்டமோ மேய்ச்சல் வட்டமோ அமைத்துக்கொண்டு, வாய்க்காலையும் புல்வெளியையும் அவர்களே நிர்வகிக்கலாம்.

இது அவர் மூளையில் திடீரென உதித்ததல்ல. யூட்டாவின் மார்மன் கிராமங்கள் கூட்டாக வாய்க்கால் வெட்டிப் பிழைப்பதையும், நியூ மெக்சிகோவின் ஸ்பானிய வழி ஊர்கள் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுவதையும் நேரில் பார்த்தவர் அவர். நம் ஊர் நீர்க்கட்டி முறையைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. வாஷிங்டனுக்கு அது புதிது. அறிக்கையோடு இணைத்த 2 சட்ட வரைவுகளும் நிறைவேறவில்லை.

உழுதால் மழை வரும் என்றார்கள்

பவல் இதைச் சொன்ன நேரமும் சரியில்லை. 1870-களின் கடைசியிலும் 1880-களின் தொடக்கத்திலும் சமவெளியில் நல்ல மழை. ஏர் போன இடத்துக்குப் பின்னாலேயே மழையும் வரும், மண்ணைக் கிளறினால் வானிலையே மாறிவிடும் என்று ஒரு கொள்கை பிரபலமானது. சில படித்தவர்களும் அதை ஆதரித்தார்கள். நிலம் விற்க வேண்டிய ரயில் கம்பெனிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புதிய மாநிலத்தில் ஜனம் குவிய வேண்டும் என்று காத்திருந்த அரசியல்வாதிகளுக்கும் அது இனித்தது. அவர்களுக்கு நடுவே பவல் ஒரு அபசகுனம்.

ஆனால் ஆள் கைவிடவில்லை. 1879-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை, அதாவது இன்றைய யுஎஸ்ஜிஎஸ், தொடங்கப்பட்டது. 1881-ல் பவல் அதன் இரண்டாவது இயக்குநர் ஆனார். நாடு முழுவதற்கும் ஒரே தரத்தில், சம உயரக் கோடுகள் போட்ட மேப் வேண்டும் என்று வேலையைத் தொடங்கினார். அமெரிக்காவில் மலை ஏறுபவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் அந்த மேப்களின் தொடக்கம் இதுதான்.

பிறகு இயற்கையே அவருக்காகச் சாட்சி சொன்னது. 1886-87 குளிர்காலப் பனிப்புயலில் மேற்குச் சமவெளியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதன் பின்னால் வறட்சி. குடியேறியவர்கள் வண்டி கட்டித் திரும்ப ஆரம்பித்தார்கள். இப்போது நாடாளுமன்றத்துக்குப் பவல் தேவைப்பட்டார்.

எல்லா நிலத்துக்கும் பூட்டு

1888 அக்டோபர் 2. பாசன ஆய்வுக்கு 1 லட்சம் டாலர் ஒதுக்கியது நாடாளுமன்றம். மேற்கு முழுவதும் எங்கே நீர்த்தேக்கம் கட்டலாம், எங்கே வாய்க்கால் வெட்டலாம், எந்த நிலம் பாசனம் பெறும் என்று பவல் மேப் போட வேண்டும். அடுத்த ஆண்டு மேலும் 2.5 லட்சம் டாலர் வந்தது.

முதல் சிக்கல், ஆற்றில் ஓடும் தண்ணீரை முறையாக அளக்க ஆட்களே இல்லை. நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் எம்புடோ என்ற இடத்தில் கடுங்குளிரில் கூடாரம் போட்டு, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பொறுப்பாளர் ஃபிரெடரிக் நியூவெல். யுஎஸ்ஜிஎஸ்ஸின் முதல் நீரளவு நிலையம் அங்கே 1889-ல் அமைந்தது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. அரசு ஒரு இடத்தில் அணை வரலாம் என்று மேப்பில் புள்ளி வைத்தால் என்ன நடக்கும்? நம் ஊரில் பைபாஸ் வருகிறது என்று காதில் விழுந்ததும் நடப்பதுதான். அளவைக் குழுவின் பின்னாலேயே நில வியாபாரிகள் போனார்கள். ஐடஹோவில் பியர் ஏரி அருகே அரசு ஆட்கள் அளந்த இடங்களை வளைக்க ஆள் கிளம்பிவிட்டதாக அந்த மாநிலத்திலிருந்தே புகார் வந்தது.

இதற்கு 1888 சட்டத்திலேயே ஒரு மருந்து இருந்தது. ஆய்வில் தேர்வாகும் நீர்த்தேக்க இடங்களும், அவற்றால் பாசனம் பெறும் நிலங்களும் யாருக்கும் பட்டா போட முடியாதபடி ஒதுக்கப்படும் என்ற பிரிவு அது. போடும்போது யாரும் அதை ஆழமாக யோசிக்கவில்லை. எந்த நிலம் தேர்வாகும் என்பதே மேப் முடிந்தால்தானே தெரியும்? அதுவரை மேற்கில் எந்த வறண்ட நிலமும் தேர்வாகலாம். அப்போ எல்லாமே பூட்டு!

1889 ஆகஸ்டில் நில அலுவலகத்திலிருந்து உத்தரவு பறந்தது. 1888 அக்டோபர் 2-க்குப் பிறகு இந்த நிலங்களில் பதிவான உரிமைகள் செல்லாது. பல கோடி ஏக்கர் ஒரே நாளில் உறைந்துபோனது. யூகத்தில் நிலம் வளைத்தவர்களோடு, நேர்மையாக மனு போட்டுக் குடிசை கட்டியிருந்த ஏழைக் குடும்பங்களும் மாட்டிக்கொண்டன. பவலின் கதையில் பலர் தாண்டிப்போகிற இடம் இது. அவர் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் காத்திருப்பதன் விலையைக் கொடுத்தவர்கள் வாஷிங்டனில் இல்லை.

அதே கோடையில் மேற்கு முழுவதும் சுற்றினார். வடக்கு டகோட்டாவும் மொன்டானாவும் மாநிலமாக மாறவிருந்த நேரம், அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மொன்டானாவுக்குப் போய், உங்கள் மாவட்ட எல்லைகளை ஆற்றுப் படுகைகளின்படி போடுங்கள் என்றார். ஒரே ஆற்றின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் ஒரே நிர்வாகத்தில் இருந்தால், மேலே காட்டை வெட்டுகிறவனும் கீழே கடைமடையில் காய்கிறவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பது கணக்கு. கேட்டவர்கள் மரியாதையாகக் கைதட்டிவிட்டுப் பழையபடி நேர்கோடு போட்டார்கள். அந்த யோசனையை அவர் வண்ண மேப்பாகவே தன் துறையின் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். மேற்கு அமெரிக்கா முழுவதும் ஆற்றுப் படுகைகளாகப் பிரிந்து, ஒட்டுத் துணி போர்வை மாதிரி இருக்கும் அந்த மேப், இன்று இணையத்தில் அடிக்கடி பகிரப்படுகிறது.

ஆகஸ்ட் 30

நெவாடா செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட் ஆரம்பத்தில் இந்த ஆய்வுக்கு ஆதரவாக நின்றவர். சீக்கிரம் மேப் வரும், அணை வரும், ஜனம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது பூட்டு. அவர் பவலின் முதல் எதிரியானார். 1890-ல் செனட்டில் கேள்விக்கணைகள். பாசனத்துக்குக் கொடுத்த பணத்தில் ஏன் நாடு முழுக்க மேடு பள்ளம் அளந்துகொண்டிருக்கிறீர்கள்?

மேடு பள்ளம் தெரியாமல் எவ்வளவு மழைநீர் எந்த ஓடைக்கு வரும், வாய்க்கால் எந்தச் சரிவில் ஓடும் என்று எப்படிச் சொல்வது என்பது பவல் தரப்பு. தொழில்நுட்பத்தில் அது சரி. ஆனால் நல்ல பொறியாளருக்கு ஒரு அணை இடத்தைக் கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய மேப் தேவையில்லை என்ற வாதத்திலும் பாதி உண்மை இருந்தது. பவலோடு யூட்டாவில் அலைந்த டட்டனே அந்தப் பணத்தை இப்படிச் செலவழித்ததில் தனக்கு உடன்பாடில்லை என்று சாட்சி சொன்னார். அது பெரிய அடி. பவல் ஒரு முழுமையான மேப்புக்கு ஆசைப்பட்டார். பகுதி பகுதியாக முடித்து, முடித்த இடங்களை உடனே மக்களுக்குத் திறந்துவிட்டிருந்தால் எதிர்ப்பு இவ்வளவு கூர்மையாக வந்திருக்காது.

1890 ஆகஸ்ட் 30-ல் நாடாளுமன்றம் பாசன ஆய்வுக்கான பணத்தை நிறுத்தியது, நிலங்களின் பூட்டைத் திறந்தது. நீர்த்தேக்க இடங்கள் மட்டும் ஒதுக்கலில் மிஞ்சின. கிராண்ட் கேன்யனிலிருந்து உயிரோடு வெளியே வந்து அன்றோடு சரியாக 21 வருடம்.

அடுத்த ஆண்டுகளில் துறையின் பணத்தையும் வெட்டினார்கள். 1893 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் பாசன மாநாட்டில், தயாரித்து வந்த உரையை ஓரம் வைத்துவிட்டுப் பேசினார். மிச்சமிருக்கும் அரசு நிலத்துக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லை, நீங்கள் வழக்குகளையும் சண்டைகளையும்தான் சேர்த்துவைக்கிறீர்கள் என்பது பேச்சின் சாரம். கூட்டம் கூச்சலிட்டது. 1894-ல் பதவியை விட்டார்.

மேப்பில் இல்லாதவர்கள்

பவலின் மேப் அந்த நிலங்களை அரசு நிலம் என்றது. அங்கே யூட், பையூட், ஷோஷோனி, நவஹோ மக்கள் காலம்காலமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பையூட்கள் பவலைக் கப்புராட்ஸ் என்று அழைத்தார்கள், ஒரு கை இல்லாதவர் என்று பொருள். அவர் அவர்களோடு உட்கார்ந்து பேசி, மொழியைக் கற்று, சொற்களைச் சேகரித்தார். 1879 முதல் சாகும்வரை அமெரிக்கப் பூர்வகுடிகளை ஆய்வு செய்யும் துறைக்கும் அவரே தலைவர். அதே பவல்தான் 1873-ல் அரசு அனுப்பிய குழுவில் போய், அந்த மக்களை ஒதுக்கிய பகுதிகளுக்குள் குடியமர்த்தி விவசாயம் பழக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். ஓடையின் ஒவ்வொரு கன அடியையும் எண்ணிய மேப், அந்த ஓடை ஏற்கெனவே யாருடையது என்று கேட்கவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

1902 ஜூனில் அரசே அணை கட்டிப் பாசனம் தரும் சட்டம் வந்தது. அதற்கான புதிய அமைப்பின் தலைவர், எம்புடோ கூடாரத்தை நடத்திய அதே நியூவெல். சட்டம் வந்து 3 மாதத்தில், செப்டம்பர் 23-ல், மெய்ன் மாநிலத்தில் பவல் இறந்தார். யாருடைய மூளை பெரியது என்று சக விஞ்ஞானி மெக்கீயோடு அவர் பந்தயம் கட்டியிருந்ததால், மூளையைப் பாதுகாத்து வைத்தார்கள். பின்னர் மெக்கீயும் இறந்தபோது, பவலுடையதே பெரியது என்று தெரிந்தது!

சமவெளியில் 1930-களில் மண் புழுதியாகப் பறக்கத் தொடங்கிய பிறகுதான், 1934-ல் அரசு மேய்ச்சல் நிலங்களைத் திறந்துவிடுவதை நிறுத்தி மேய்ச்சல் வட்டங்களை அமைத்தார்கள். 1946-ல் உருவான நில மேலாண்மைத் துறை இன்று ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறது.

கொலராடோ ஆற்றை 1922-ல் மாநிலங்கள் பங்கிட்டபோது, மேல் படுகைக்கு 75 லட்சம், கீழ்ப் படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி என்று எழுதினார்கள். நம் கணக்கில் மொத்தம் சுமார் 653 டிஎம்சி. கையில் இருந்தது சில ஆண்டுகளின் அளவீடு மட்டுமே, அதுவும் நல்ல மழைக்காலத்து அளவீடு. இந்த நூற்றாண்டில் சராசரியாக அவ்வளவு தண்ணீர் அந்த ஆற்றில் வரவில்லை. பவல் ஏரியின் பாறையில் தெரிந்த வெள்ளைப் பட்டைக்கு அதுவும் ஒரு காரணம்.

யுஎஸ்ஜிஎஸ் இன்று நாடு முழுவதையும் ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து எண் கொடுத்து வைத்திருக்கிறது. 1972-ல் தொடங்கிய லேண்ட்சாட் சாட்டிலைட் படங்களை 2008 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. எந்த வயல் எவ்வளவு தண்ணீரைக் குடித்தது என்பதைக்கூட அந்தப் படங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். மாநில எல்லைகள் மட்டும் இன்னும் நேர்கோட்டில்தான் இருக்கின்றன.

எம்புடோ நிலையம் இப்போதும் வேலை செய்கிறது. ரியோ கிராண்டேயில் இந்த நிமிடம் விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை அந்தத் துறையின் இணையதளத்தில் மொபைலிலேயே பார்க்கலாம்.